வாளை உருவுமுன் ஒரு வணக்கம்

பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவரோடு சண்டை. ஒரு மணிக்கு இன்னொருவரோடு. இரண்டு மணிக்கு மூன்றாவது ஆளோடு. மூன்றுமே உயிர் போகக்கூடிய வாள்சண்டைகள். ஆனால் அதற்கு நேரமும் இடமும் குறித்த விதத்தைப் பார்த்தால், ஏதோ கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிக்கிறார்களோ என்று தோன்றும்! கோபம் இருக்கிறது, குத்தல் இருக்கிறது, கிண்டலும் இருக்கிறது. ஆனால் 'மொசியே' (ஐயா) என்ற விளி மட்டும் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது.

அலெக்ஸாண்டர் டூமா எழுதிய 'மூன்று மஸ்கட்டியர்கள்' நாவலைப் படித்தவர்கள், அல்லது அதன் ஏதாவது ஒரு திரைப்பட வடிவத்தைப் பார்த்தவர்கள், இந்த இடத்தை மறந்திருக்க மாட்டார்கள். கிராமத்திலிருந்து பாரிஸுக்கு வந்து இறங்கிய 18 வயது இளைஞன் டார்டன்யான், ஒருவனைத் துரத்திக்கொண்டு படியிறங்கி ஓடுகிறான். அதோஸின் காயம்பட்ட தோளில் இடித்துவிடுகிறான். அடுத்து போர்த்தோஸின் அங்கிக்குள் சிக்கி, முன்பக்கம் மட்டும் தங்கச் சரிகை போட்ட அவருடைய வாள்வாரின் ரகசியத்தைப் பார்த்துவிடுகிறான். கடைசியாக அராமிஸ் காலால் மறைத்துக்கொண்டிருந்த கைக்குட்டையை, உதவி செய்வதாக நினைத்து எடுத்துக் கொடுக்கிறான். கொஞ்ச நேரத்துக்குள் மூன்று சண்டைக்கு அழைப்பு!

சாகசக் கதைகளில் கொல்ல வருகிறவர்களும் சாகப் போகிறவர்களும் ஏன் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள்? எழுத்தாளர்கள் அழகுக்காகச் சேர்த்ததா? அல்லது அதற்குப் பின்னால் உண்மையான வரலாறு ஏதாவது உண்டா?

கதையும் காலமும்

இந்த நாவல் 'ல சியெக்ல்' என்ற பாரிஸ் நாளிதழில் 1844 மார்ச் முதல் ஜூலை வரை தொடர்கதையாக வந்தது. டூமாவோடு சேர்ந்து உழைத்தவர் ஒகுஸ்த் மக்கே. ஆனால் அட்டையில் அவர் பெயர் இல்லை. கதை தொடங்குவது 1625 ஏப்ரலில். அப்போது பிரான்சின் அரசர் 13-ஆம் லூயி. அரசரின் பெயரால் நாட்டை நடத்தியவர் கார்டினல் ரிஷலியூ.

டார்டன்யான் என்ற பெயரில் உண்மையிலேயே ஒருவர் இருந்தார். 1673-ல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் அவர் இறந்தார். அவருடைய 'நினைவுக் குறிப்புகள்' என்ற பெயரில் 1700-ல் கூர்த்தில் த சாந்த்ரா என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். டூமாவுக்கு மூலப்பொருள் கிடைத்தது அங்கேதான். நிஜ டார்டன்யான் 1625-ல் சிறுவன். டூமா தன் கதையின் வசதிக்காக அவருக்கு வயதைக் கூட்டிவிட்டார். அதோஸ், போர்த்தோஸ், அராமிஸ் ஆகிய மூன்று பெயர்களுக்குப் பின்னாலும் நிஜமான வீரர்கள் உண்டு. ஆனால் நாவலில் வருகிற குணங்கள் டூமாவின் கற்பனை.

கற்பனை இல்லாதது ஒன்று உண்டு. அதுதான் துவந்த யுத்தம், அதாவது இரண்டு பேர் முன்கூட்டியே பேசிவைத்து, ஒழுங்குமுறைப்படி மோதிக்கொள்வது.

சட்டத்துக்கு எதிரான ஒழுக்கம்

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் துவந்த யுத்தம் நீதிமன்ற முறையாகவே இருந்தது. யார் சொல்வது உண்மை என்று தெரியாவிட்டால் இருவரையும் மோதவிட்டு, ஜெயித்தவன் பக்கம் கடவுள் இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்வார்கள். பிரான்சில் அரசர் முன்னிலையில் அனுமதியோடு நடந்த அப்படிப்பட்ட கடைசி மோதல் 1547 ஜூலை 10 அன்று நடந்தது. இரண்டாம் ஹென்றியின் கண்ணெதிரே ஷார்நாக் என்ற பிரபு, வாள்வீச்சில் பேர் போன லா ஷத்தேனெரேயின் காலில் வெட்டி வீழ்த்தினார். தோற்றவர் இறந்துபோனார். அதன்பிறகு அரசர்கள் இப்படிச் சண்டைக்கு அனுமதி தருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அரசர் அனுமதி தராவிட்டால் என்ன? பிரபுக்கள் தாங்களாகவே வயல்வெளியிலும் மடாலயச் சுவர்களுக்குப் பின்னாலும் மோதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நீதிமன்றம் போனது, ஆனால் அதன் சடங்குகள் போகவில்லை. அழைப்பு விடுவது, இடமும் ஆயுதமும் குறிப்பது, சாட்சிகளாகத் துணைவர்களை அழைத்து வருவது, வாளை உருவுமுன் வணங்குவது எல்லாமே அப்படியே இருந்தன.

இந்தச் சண்டைகளை மூட்டிவிடுவதில் முதல் இடம் 'நீ சொல்வது பொய்' என்ற வார்த்தைக்குத்தான். ஒரு பிரபுவின் சொல்லே அவனுடைய கையெழுத்து, அவனுடைய பத்திரம், அவனுடைய மானம். அதைப் பொய் என்றால் பதில் வாளால்தான். வாய் தவறி வந்த ஒரு வார்த்தைக்கு உயிரை விலையாகக் கொடுக்க நேரும் என்றால் யாராக இருந்தாலும் நிதானமாகத்தான் பேசுவார்கள்! 1528-ல் இத்தாலியில் காஸ்திலியோனே எழுதிய 'அரசவையாளர்', 1630-ல் பிரான்சில் நிக்கோலா ஃபாரே எழுதிய கண்ணியமான மனிதனைப் பற்றிய நூல் என்று மரியாதையைச் சொல்லிக்கொடுக்கும் புத்தகங்கள் வரிசையாக வந்ததும் இந்தக் காலத்தில்தான். பேச்சில் மரியாதை பெருகியதும் துவந்த யுத்தம் பெருகியதும் ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள் மாதிரி.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. நான்காம் ஹென்றி 1602-ல் கடுமையான தடை ஆணை போட்டார். ஆனால் பிடிபட்டவர்களுக்கு மன்னிப்புக் கடிதங்களையும் அவரே தாராளமாகக் கொடுத்தார். ரிஷலியூவுக்கு இதில் சொந்தக் காயமே இருந்தது. அவருடைய அண்ணன் 1619-ல் ஒரு துவந்த யுத்தத்தில்தான் கொல்லப்பட்டார். ரிஷலியூ அதிகாரத்துக்கு வந்தபின், 1626 பிப்ரவரியில் புதிய ஆணை வந்தது.

அந்த ஆணையைச் சோதித்துப் பார்த்தவர் மோன்மொரென்சி-பூத்வில் பிரபு. பிரான்சின் மிகப் பழைய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். 1627 மே 12 அன்று, பட்டப்பகலில், பாரிஸின் நடுவே உள்ள ராயல் சதுக்கத்தில் (இன்றைய வோஜ் சதுக்கம்) ப்யூவ்ரோன் என்பவரோடு மோதினார். மூன்று பேருக்கு மூன்று பேர். அந்தக் காலத்தில் துணைக்கு வந்தவர்களும் சேர்ந்தே சண்டை போடுவார்கள். அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் பிழைத்துக்கொண்டார்கள். துணைக்கு வந்த புஸ்ஸி தம்புவாஸ் செத்துப்போனார்! ப்யூவ்ரோன் இங்கிலாந்துக்குத் தப்பினார். பூத்வில்லும், புஸ்ஸியைக் கொன்ற அவருடைய உறவினர் தெ ஷப்பெல்லும் வழியில் பிடிபட்டார்கள். உயர்குடியினர் பலர் மன்றாடியும் அரசர் இறங்கவில்லை. 1627 ஜூன் 22 அன்று இருவர் தலையும் வெட்டப்பட்டன. பூத்வில்லின் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார். அடுத்த ஜனவரியில் பிறந்த அந்தப் பிள்ளை பிற்காலத்தில் பிரான்சின் புகழ்பெற்ற தளபதி லுக்சம்பூர்க் ஆனது.

நாவலின் தொடக்கத்தில் டார்டன்யானின் அப்பா மகனுக்குச் சொல்லும் புத்திமதியை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். துவந்த யுத்தம் தடை செய்யப்பட்டிருப்பதாலேயே நீ அதிகமாகச் சண்டை போடு, ஏனென்றால் அதற்கு இரண்டு மடங்கு துணிச்சல் வேண்டும் என்கிறார். அப்பா சொல்லும் புத்திமதியா இது! ஆனால் ஒரு வகுப்பே அப்படித்தான் நினைத்தது.

அடியும் அழைப்பும்

இப்போது அந்த மூன்று அழைப்புகளுக்குத் திரும்புவோம். அவற்றின் அருமை தெரிய வேண்டும் என்றால், அதற்கு முன்னால் மெங் என்ற ஊரில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

டார்டன்யான் ஏறி வந்த மஞ்சள் குதிரையைப் பார்த்து ஒரு பிரபு சிரிக்கிறான். இவன் வாளை உருவிக்கொண்டு போகிறான். அந்தப் பிரபு இவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கடைசியில் சத்திரக்காரனும் ஆட்களும் தடிகளையும் மண்வெட்டிகளையும் எடுத்துக்கொண்டு வந்து இவனை அடித்து வீழ்த்துகிறார்கள். காயத்தைவிட அந்த அவமானம்தான் அவனை நாவல் முழுவதும் துரத்துகிறது. வாளால் குத்துவது சமமானவனுக்குச் செய்யும் மரியாதை. தடியால் அடிப்பது, 'நீ எனக்குச் சமம் இல்லை' என்று சொல்வது.

இது கதையில் மட்டும் நடந்தது அல்ல. 1726-ல் வோல்ட்டேருக்கு நடந்தது இதுதான். ரோஹன் என்ற பிரபு அவருடைய பெயரைக் கிண்டல் செய்தார். வோல்ட்டேர் நறுக்கென்று பதில் கொடுத்தார். சில நாள் கழித்து, ஒரு விருந்திலிருந்து அவரை வெளியே வரவழைத்து, ரோஹனின் வேலையாட்கள் தடியால் அடித்தார்கள். ரோஹன் வண்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். வோல்ட்டேர் துவந்த யுத்தத்துக்கு அழைக்கத் தயாரானபோது அவரைப் பிடித்து பஸ்தீய் சிறையில் போட்டார்கள்! பிரான்சே வாசித்துக் கொண்டாடிய கவிஞர்தான். ஆனால் பிரபு குலத்தில் பிறக்கவில்லையே. பிறகு இங்கிலாந்துக்குப் போகச் சம்மதித்து வெளியே வந்தார்.

மெங்கில் சமமானவன் இல்லை என்று தூக்கி எறியப்பட்ட அதே பையனை, பாரிஸில் மூன்று பேர் 'வா, சண்டை போடலாம்' என்று அழைக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று ஆபத்துகள். உள்ளே பார்த்தால் மூன்று அங்கீகாரங்கள்.

மடாலயத்துக்குப் பின்னால் உள்ள பொட்டல்வெளியில் அவர்கள் சந்திக்கும் காட்சி அதனால்தான் அவ்வளவு இனிக்கிறது. அதோஸின் காயம் இன்னும் ஆறவில்லை என்று தெரிந்ததும், தன் அம்மா சொல்லிக்கொடுத்த மருந்து ஒன்று இருக்கிறது, மூன்று நாளில் குணமாகும், அதன்பிறகு சண்டையை வைத்துக்கொள்ளலாம் என்கிறான் டார்டன்யான். பயந்து தள்ளிப்போடவில்லை என்பது அவன் நிற்கிற விதத்திலேயே தெரிகிறது. அதோஸ் மனதாரப் பாராட்டுகிறார், ஆனால் மறுத்துவிடுகிறார். பிறகு அதோஸின் துணைவர்களாக வந்து நிற்பவர்கள் போர்த்தோஸும் அராமிஸும்! டார்டன்யான் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்கிறான். எதற்காக? செய்த குற்றத்துக்காக அல்ல. முதலில் கொல்லும் உரிமை அதோஸுக்கு இருப்பதால், மற்ற இருவருக்கும் தான் பட்ட கடனைத் தீர்க்க முடியாமல் போகலாம் என்பதற்காக!

வாள்கள் மோதும் நேரத்தில் கார்டினலின் காவலர்கள் ஐந்து பேர் வந்து தடுக்கிறார்கள். சம்பந்தமில்லாத இளைஞன் போகலாம் என்று வழியும் விடுகிறார்கள். மூன்று பேரும் தன்னைச் சமமாக நடத்தியதை டார்டன்யான் மறக்கவில்லை. அவர்கள் பக்கமே நின்று சண்டை போடுகிறான். உலகப் புகழ்பெற்ற அந்த நட்பு இப்படித்தான் தொடங்குகிறது.

நீயா, நீங்களா?

இந்த நாவலை ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாமலே போய்விடும். பிரெஞ்சில் 'து' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். ஆங்கிலத்துக்கு இரண்டும் 'யூ'தான். தமிழ் வாசகருக்கு இது விளக்கமே தேவைப்படாத வேறுபாடு. 'வாங்க' என்பதற்கும் 'வா' என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும்.

உயிருக்கு உயிராகப் பழகிய பிறகும் இந்த நான்கு நண்பர்களும் பெரும்பாலும் 'வூ' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார்கள், ஆனால் 'டேய்' என்று கூப்பிட மாட்டார்கள்! அந்த நெருக்கத்துக்குள்ளும் மரியாதை ஒரு சிறிய இடைவெளியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதோஸ் தன் கடந்தகாலத்தைப் பல பக்கங்களுக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருக்க முடிவதும், நண்பர்கள் துருவாமல் இருப்பதும் அந்த இடைவெளியால்தான்.

அதே நான்கு பேரும் தங்கள் வேலையாட்களிடம் 'து'. அதோடு நிற்கவில்லை. அதோஸ் தன் பணியாள் க்ரிமோவைப் பேசவே விடுவதில்லை. சைகைதான். சைகையைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அடி. டார்டன்யானும் சம்பளப் பிரச்சினை வந்தபோது தன் பணியாள் பிளான்ஷேவை அடித்துத்தான் 'சரி' செய்கிறான். டூமா இதையெல்லாம் நகைச்சுவையாக எழுதிவிட்டுப் போகிறார். மெங்கில் தடியடி பட்டதை மறக்க முடியாத அதே டார்டன்யான்தான் இது என்பதை இன்றைய வாசகர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது. மரியாதை என்பது அவர்களுக்கு மனிதர்களுக்குத் தருவது அல்ல, சமமானவர்களுக்குத் தருவது.

பெயர் தெரியாதவனோடு சண்டை போட முடியாது

இந்த 'சமம்' என்ற விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாவலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நான்கு ஆங்கிலேயப் பிரபுக்களோடு நான்கு நண்பர்களும் மோதத் தயாராகிறார்கள். பெயர்களைக் கேட்டதும் ஆங்கிலேயர்கள் தயங்குகிறார்கள். அதோஸ், போர்த்தோஸ், அராமிஸ் என்பதெல்லாம் ஆட்டிடையன் பெயர்கள் போல இருக்கின்றன, நிஜப் பெயர் தெரியாமல் எங்கள் வாளை உங்கள் வாளோடு மோதவிட மாட்டோம் என்கிறார்கள்.

நியாயம்தான் என்று அதோஸ் ஒத்துக்கொள்கிறார். தன் எதிராளியைத் தனியே அழைத்துப்போய்க் காதில் பெயரைச் சொல்கிறார். அதன்பிறகு சொல்வதுதான் பயங்கரம். இந்தப் பெயருக்குரியவன் செத்துவிட்டதாக உலகம் நம்புகிறது, இப்போது உங்களுக்கு உண்மை தெரிந்துவிட்டது, ஆகவே உங்களைக் கொன்றாக வேண்டும் என்கிறார். சத்தம் உயரவில்லை, முகம் மாறவில்லை. சொன்னபடியே முதல் ஆளாக அவரைக் குத்திக் கொல்கிறார். மரியாதைக்காகப் பெயர் கேட்டவர், அந்த மரியாதையாலேயே செத்தார்.

அதே சண்டையில் டார்டன்யான் தன் எதிராளியான விண்டர் பிரபுவின் வாளைத் தட்டிவிட்டு, உயிரை விட்டுக்கொடுக்கிறான். நன்றிக்கடனாக விண்டர் தன் அண்ணியிடம் அவனை அறிமுகப்படுத்துகிறார். அந்த அண்ணிதான் மிலேடி! நாவலின் அத்தனை துயரத்துக்கும் கதவு அந்த ஒரு மரியாதையால்தான் திறக்கிறது.

கை கொடுக்க ஆள் இல்லை

பிரெஞ்சுக்காரர்கள் மட்டும்தான் இப்படியா? ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' 1881-82-ல் சிறுவர் இதழ் ஒன்றில் தொடராக வந்து, 1883-ல் புத்தகமானது. இதில் கடற்கொள்ளையர்கள் தங்களைக் கொள்ளையர்கள் என்று சொல்லிக்கொள்வதே இல்லை. 'அதிர்ஷ்டத்தின் கனவான்கள்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். கனவான் என்ற பட்டத்தின் மேல் எல்லோருக்கும் எவ்வளவு ஆசை பாருங்கள்!

ஒற்றைக்கால் சில்வர் வெள்ளைக்கொடி பிடித்துச் சமாதானம் பேச வருகிற காட்சியில், தன்னைக் 'கேப்டன் சில்வர்' என்று அறிவிக்கச் சொல்கிறான். உண்மையான கேப்டன் ஸ்மாலெட், அப்படி யாரையும் தனக்குத் தெரியாது என்கிறார். உள்ளே உட்காரவும் விடவில்லை. மணலில்தான் உட்கார வேண்டும். பேச்சு முறிந்து சில்வர் கிளம்பும்போது எழுந்திருக்க ஒரு கை வேண்டும் என்று கேட்கிறான். ஒருவரும் கொடுக்கவில்லை. தவழ்ந்துபோய்த் தாழ்வாரத்தைப் பிடித்து எழுகிறான். அதில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை, ஆனால் யுத்தம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. மரியாதையைக் கொடுக்காமல் இருப்பதும் ஓர் ஆயுதம்தான்.

அதே கதையில் இதற்கு நேர் எதிரான இடமும் உண்டு. தங்களைக் கொல்ல முயன்ற கலகக்காரர்களுக்கு டாக்டர் லிவ்சி மருந்து கொடுக்கப் போகிறார். ஊரில் ஒரு வீட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போனது போல, நலம் விசாரித்து, நாக்கை நீட்டச் சொல்லி, மருந்து கொடுக்கிறார். அங்கே பிணைக்கைதியாக இருக்கும் சிறுவன் ஜிம், ஓடமாட்டேன் என்று சில்வருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு டாக்டரோடு தனியே பேச வருகிறான். வேலியைத் தாண்டிக் குதித்துவிடு, ஓடிவிடலாம் என்கிறார் டாக்டர். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று மறுக்கிறான் ஜிம். நீங்களாக இருந்தாலும் ஓடியிருக்க மாட்டீர்கள் என்று அவருக்கே நினைவூட்டுகிறான்.

சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படும் இந்த முறையும் நிஜ வரலாறு. நெப்போலியன் போர்க்காலத்தில் பிரிட்டனிடம் சிக்கிய பிரெஞ்சு அதிகாரிகள், தப்பி ஓடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால் சிறையில் இருக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட சில ஊர்களில் தங்கி, ஊர் எல்லையிலிருந்து ஒரு மைல் வரை நடக்கலாம். ஆனால் இந்தச் சலுகை அதிகாரிகளுக்குத்தான். சாதாரணச் சிப்பாயின் வாக்கை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குச் சிறையும் கைதிக் கப்பல்களும்தான்.

ஸ்டீவன்சனின் ஜிம் ஒரு சத்திரக்காரரின் மகன் என்பது இங்கே முக்கியம். மெங்கில் டார்டன்யானைத் தடியால் அடித்தது ஒரு சத்திரக்காரன். 'புதையல் தீவி'ல் கனவானைவிடக் கனவானாக நடந்துகொள்வது ஒரு சத்திரத்துப் பையன். இந்த இரண்டு நாவல்களுக்கும் இடையே 40 வருடங்கள்தான். ஆனால் மரியாதை பிறப்பிலிருந்து நடத்தைக்கு இடம் மாறிவிட்டது.

டூமாவுக்கு இது வெறும் கதையா?

டூமாவின் பாட்டி, இன்றைய ஹெய்ட்டியில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண். அப்பா தோமா-அலெக்ஸாண்டர் டூமா பிரெஞ்சுப் புரட்சிப் படையில் ஜெனரலாக உயர்ந்தவர். டூமா எவ்வளவு புகழ் பெற்றபோதும் அவருடைய நிறத்தைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். மஸ்கட்டியர்களுக்கு ஒரு வருடம் முன்பு, 1843-ல், அவர் 'ஜார்ஜ்' என்று ஒரு நாவல் எழுதினார். கதை நடப்பது மொரீஷியஸ் தீவில். கலப்பினத்தவனான ஜார்ஜ் ஒரு வெள்ளைப் பண்ணையாரின் மகனைத் துவந்த யுத்தத்துக்கு அழைக்கிறான். அவன் மறுத்துவிடுகிறான். பயத்தால் அல்ல, ஜார்ஜின் நிறத்தால்! மெங்கில் நடந்ததும், வோல்ட்டேருக்கு நடந்ததும், இங்கே தோல் நிறத்தின் பெயரால் நடக்கிறது. மூன்று அழைப்புகளை ஒரு சந்தோஷமாக எழுத டூமாவுக்குக் காரணம் இருந்தது.

ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதுவும் டூமாவுக்குத் தெரியும். 1831 மே மாதம் பாரிஸில் நடந்த ஒரு குடியரசுவாதிகள் விருந்தில், ஓர் இளைஞன் கிண்ணத்தையும் கத்தியையும் தூக்கி அரசர் லூயி பிலிப்பின் பெயரைச் சொன்னான். விபரீதம் என்று உணர்ந்த டூமா ஜன்னல் வழியாகக் குதித்து வெளியேறியதாகத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த இளைஞன் எவாரிஸ்த் கலுவா. கணிதம் படிப்பவர்கள் இன்றும் படிக்கும் கலுவா கோட்பாட்டுக்குச் சொந்தக்காரர். அடுத்த வருடம், 1832 மே 30 அன்று, ஒரு துவந்த யுத்தத்தில் வயிற்றில் குண்டு பாய்ந்து, மறுநாள் செத்துப்போனார். வயது 20. முந்தைய இரவு முழுக்கத் தன் கணிதக் கண்டுபிடிப்புகளை நண்பருக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். அழைப்பு வந்தால் மறுப்பது மரியாதை இல்லை என்ற ஒரே காரணம், எத்தனை மூளைகளைக் கொண்டுபோயிருக்கும்!

நாவல் வந்த மறுவருடமே இன்னொன்று. 1845 மார்ச்சில், 'லா பிரெஸ்' பத்திரிகையைச் சேர்ந்த துஜாரியே, விருந்தில் மூண்ட தகராறினால் போவல்லோன் என்பவரோடு துப்பாக்கிச் சண்டைக்குப் போய் உயிரிழந்தார். 1836-லேயே ஷத்தோவில்லார் என்ற பிரபு துவந்த யுத்தத்துக்கு விதிமுறை நூல் எழுதியிருந்தார். எல்லாம் விதிப்படி, மரியாதையாக நடந்ததாகத்தான் காட்டிக்கொண்டார்கள். வழக்கு 1846-ல் ரூவான் நகரில் நடந்தபோது டூமா சாட்சி சொல்லப் போனார். தொழில் என்ன என்று கேட்டதற்கு, கோர்னேய் பிறந்த இந்த ஊரில் இல்லாவிட்டால் நாடகாசிரியர் என்று சொல்லியிருப்பேன் என்றாராம்! கோர்னேய் பிரான்சின் மாபெரும் நாடகாசிரியர். அடக்கமும் பெருமையும் கலந்த மஸ்கட்டியர் பாணிப் பதில். போவல்லோன் விடுதலையானார். ஆனால் சண்டைக்கு முன்பே அந்தத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பழகியிருந்தது பின்னர் தெரியவந்து, 1847-ல் பொய்ச்சாட்சிக்காகத் தண்டனை பெற்றார். வணக்கம் இருந்தது, விதிமுறை இருந்தது, நேர்மை மட்டும் இல்லை.

மிச்சம் இருப்பது என்ன?

பிரான்சில் கடைசி வாள்சண்டை என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1967 ஏப்ரலில் நடந்தது. நாடாளுமன்றத்தில் கஸ்தோன் தெஃபேர் என்ற உறுப்பினர், ரெனே ரிபியேர் என்ற உறுப்பினரை 'முட்டாள்' என்ற பொருளில் திட்டினார். மன்னிப்புக் கேட்க மறுத்தார். பாரிஸை ஒட்டிய ஒரு வீட்டுத் தோட்டத்தில் வாள்களோடு சந்தித்தார்கள். மறுநாள் திருமணம் வைத்திருந்த ரிபியேர் இரண்டு முறை காயம்பட்டார். நல்லவேளை, அதோடு முடிந்தது.

டூமாவுக்கு வரவேண்டிய மரியாதை வந்துசேர இன்னும் நாளானது. அவர் இறந்தது 1870-ல். 2002 நவம்பர் 30 அன்றுதான் அவருடைய உடல் பாரிஸின் பாந்தியோனுக்குக் கொண்டுவரப்பட்டது. நீல வெல்வெட் போர்த்திய பெட்டிக்கு மஸ்கட்டியர் உடையணிந்த வீரர்கள் காவல் வந்தார்கள். அவர் சந்தித்த இனவெறியை அன்றைய அதிபர் ஷிராக் தன் உரையில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அதே பாந்தியோனில் வோல்ட்டேரும் இருக்கிறார். ஒரு காலத்தில் சமமானவர் இல்லை என்று தடியடி பட்டவர், நிறத்துக்காகக் கேலி செய்யப்பட்டவர், இருவரும் இன்று ஒரே கூரையின் கீழ்.

சாகசக் கதைகளில் வரும் மரியாதை அழகுக்காகச் சேர்த்த சரிகை அல்ல. அது இரண்டு முனையுள்ள வாள். கோபத்தில் இருப்பவனையும் நிதானமாகப் பேசவைத்தது, எதிரிக்கு மருந்து கொடுக்கவைத்தது, ஒரு சிறுவனை வாக்குத் தவறாமல் நிற்கவைத்தது. அதே மரியாதை கலுவாவை வயல்வெளிக்கு அனுப்பியது, க்ரிமோவின் வாயை அடைத்தது.

அந்தக் கதைகளிலிருந்து வாளைக் கழற்றி வைத்துவிட்டு மரியாதையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு திருத்தத்தோடு. சமமானவனிடம் 'நீங்கள்' என்று சொல்ல யாராலும் முடியும், அவன் கையிலும் வாள் இருக்கிறதே! தேநீர் கொண்டுவந்து வைக்கிற க்ரிமோவிடம் எப்படிப் பேசுகிறார் என்பதில்தான் ஒருவர் கனவானா இல்லையா என்பது தெரியும்.